செத்த நிழல்களின் கணக்கு

ராக்கியப்பன் அந்தக் காலாண்டில் நானூற்றுச் சொச்சம் தடவை செத்துப்போயிருந்தார். கேன்டீனில் டீயும் வடையுமாக நிற்கும்போதுதான் விஷயம் அவர் காதுக்கு வந்தது. சொன்னவன் பம்ப் ஆப்பரேட்டர் திருமூர்த்தி.

"ராக்கியண்ணா, நீங்க மட்டும் நானூறு தடவைக்கு மேல போய்ச் சேந்துட்டீங்களாமா. நானெல்லாம் நூறக்கூடத் தாண்டுல. சாவறதுலயும் நீங்கதான் பஸ்ட்டு போங்க!"

கேன்டீனே சிரித்தது. ராக்கியப்பனும் சிரித்தார். ஆனால் வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். வடையைப் பாதியில் வைக்கிற ஆள் அவரில்லை.

மறுநாள் காலையில் அவர் மனைவி ருக்குமணி, பாதுகாப்பு அதிகாரி கோகிலவாணியின் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு தேங்காய்ப் பை. கோவிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருப்பாள் போல.

"மேடம், எங்கூட்டுக்காரருக்குக் கண்டம் இருக்குதுங்களாமா? இத்தன சாவுன்னு கம்ப்யூட்டரு எழுதிப்போடுச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. என்ன பரிகாரம்னு சொல்லுங்க, கடன உடன வாங்கியாச்சும் பண்ணிப்போடறேன்."

"உக்காருங்க்கா. இது ஜாதகமில்லீங்க்கா" என்றாள் வாணி. அந்த வாரத்தில் இதை மூன்றாவது ஆளுக்குச் சொல்கிறாள். "நம்ம நிலையம் மாதிரியே இன்னொண்ணு கம்ப்யூட்டருக்குள்ள இருக்குது. தொட்டி, பம்பு, குழாய், படிக்கட்டு எல்லாம் அச்சு அசல். இவங்க கையில கட்டியிருக்கற பட்டையும் ஹெல்மெட்டுல இருக்கற கேமராவும் ஒவ்வொருத்தரும் எப்படி நடக்கறாங்க, எதுக்கு ஓடறாங்க, எங்க நிக்கறாங்கன்னு பாத்துட்டே இருக்கும். அத வெச்சு ஆளுக்கொரு நிழல் செஞ்சிருக்காங்க. அந்த நிழலுங்க அந்த நிலையத்துல ஆயிரம் வருசம் வேலை செய்யும். நமக்கு அது ஒரு ராத்திரி."

"வேலை செஞ்சு?"

"எத்தன நிழல் சாவுதோ, அத்தன மார்க்குக் கொறையும். பழைய காலத்துல நெசமா ஒருத்தரு செத்தாத்தான் இடம் சரியில்லைன்னு தெரியும். இப்ப ஆரும் சாவாமயே தெரிஞ்சுக்கலாம்."

ருக்குமணி இதைக் கவனமாகக் கேட்டாள். பிறகு கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள். "அப்ப ஏனுங்க மேடம், எல்லா நிழலையும் உட்டுப்போட்டு எங்கூட்டுக்காரரு நிழலு மட்டும் இப்படிச் சாவுது?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வாணி அனுப்பிவைத்தாள்.

சாயப்பட்டறைகளின் கழிவுநீரை எல்லாம் வாங்கிச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அது. வெளிநாட்டில் பனியன் வாங்குகிறவர்கள் நிலையத்தின் நிழல் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் தருவார்கள். மதிப்பெண் குறைந்தால் பட்டறைகள் நிற்கும். பட்டறைகள் நின்றால் ஊர் நிற்கும்.

வாணிக்கு இந்த நிழல் முறை வந்தபோது உண்மையாகவே மகிழ்ச்சி. முன்பெல்லாம் வாசலில் ஒரு பலகை தொங்கும், விபத்தில்லாத நாட்கள் இத்தனை என்று. கை போனவனை ஆட்டோவில் ஏற்றி, மாடு முட்டியது என்று ஆஸ்பத்திரியில் எழுதவைத்த நிர்வாகங்களின் பலகையில்தான் எண் பெரிதாக இருந்தது. நிழலை ஆட்டோவில் ஏற்றி மறைக்க முடியாது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும் என்பதுதான் இந்த ஏற்பாடு என்று அவள் நம்பினாள்.

பெயர்கள் வெளியே போகக் கூடாது என்று ஒரு விதி உண்டு. விதியை எழுதியவர்கள் நம் ஊர்க் கேன்டீனைப் பார்த்ததில்லை. இரண்டே காலாண்டில் நிழல் சாவு என்பது ராகு கேதுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் நட்சத்திரத்தோடு நிழல் எத்தனை தடவை என்றும் கேட்டார்கள். சந்தைக் கடையோரத்து ஜோசியர் ஒருவர், சனி பார்வையையும் நிழல் சாவையும் கூட்டிக் கழித்துப் பலன் சொல்ல ஆரம்பித்திருந்தார். கூட்டம் அவரிடம் நிரம்பி வழிந்தது.

அன்று மாலையே வாணி மதிப்பீட்டு நிறுவனத்து ஜெபராஜை வீடியோவில் பிடித்தாள். சென்னையில் உட்கார்ந்து இந்த நிழல்களை ஓட்டுகிறவன் அவன். நல்ல பையன். மனிதர்கள் சாவதைப் பார்த்துச் சம்பளம் வாங்குவது அவனுக்கே கொஞ்சம் கூச்சம்.

"ராக்கியப்பன் ஹெல்மெட் இல்லாம பாத்ரூம்கூடப் போகமாட்டார் ஜெபராஜ். எங்க எடத்துலயே அவர்தான் கவனமான ஆள். எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"தப்பில்ல மேடம். போட்டுக் காட்டறேன், நீங்களே பாருங்க."

திரையில் நிலையம் விரிந்தது. சாம்பல் நிறத் தொட்டிகள், சாம்பல் நிறப் படிக்கட்டு. சேற்றுத் தொட்டியின் ஓரத்தில் திருமூர்த்தியின் நிழல். பம்பில் ஏதோ அடைத்திருக்கிறது. ஏணியில் நாலு படி இறங்குகிறது, கை நீட்டுகிறது, அப்படியே சரிந்து சேற்றில் விழுகிறது. அந்தச் சேற்றுக்குள் ஊறும் வாயு அப்படி. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறவரை பயமில்லை. நாற்றம் சட்டென்று நின்றுபோனால்தான் எமன் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

பிறகு திரையின் மூலையில் ஓர் உருவம் ஓடிவந்தது. ஓடுகிற விதத்திலேயே வாணிக்குத் தெரிந்துவிட்டது. இடது தோளைச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டு ஓடுவது ராக்கியப்பன்தான். நிற்கவில்லை, யோசிக்கவில்லை. ஏணியில் இறங்கியது, திருமூர்த்தியின் சட்டையைப் பற்றியது, அதன் மேலேயே விழுந்தது.

"அடுத்தது" என்றான் ஜெபராஜ்.

அடுத்ததில் விழுந்தவன் வேறொருவன். ராக்கியப்பன் கேட்டருகே டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை எறிந்துவிட்டு ஓடிவந்து இறங்கிச் செத்தார். அதற்கடுத்ததில் சாப்பாட்டு நேரம். எச்சில் கையோடு ஓடிவந்து செத்தார். விழுகிறவன் மாறிக்கொண்டே இருந்தான், இறங்குகிறவர் மாறவில்லை.

"அவர் சாவுன்னு ஒண்ணுகூட இல்ல மேடம்" என்றான் ஜெபராஜ். "எல்லாமே அடுத்தவன் சாவு. அடுத்தவன் விழறான், இவர் போறார். ராக்கியண்ணனே எறங்கிட்டாருன்னு இவர் பின்னாடியே இன்னும் ஒருத்தர் ரெண்டு பேர் எறங்கறாங்க. ஒரு விபத்துக்கு மூணு சாவு. உங்க மார்க்கு விழறதுக்கு அதுதான் காரணம்."

எப்போதோ கிணற்றில் விழுந்த பக்கத்துத் தோட்டத்துக் கன்றுக்குட்டிக்காக ராக்கியப்பன் குதித்த கதையை வாணி ஊரில் கேட்டிருக்கிறாள். ரோட்டில் கவிழ்ந்த பஸ்ஸின் கண்ணாடியைக் கையாலேயே உடைத்தவர் என்பதும் தெரியும். மனுஷனின் நல்ல குணம் இப்படி ஓர் எண்ணாகித் தன் மேஜைக்கு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

நிலையத்தின் தலைவர் பாலதண்டபாணி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டு நாம் நிம்மதியாகிவிடுவோம். நாலு பட்டறைகளுக்கு முதலாளி, காலையில் தொழிலாளிகளோடு அதே கேன்டீன் டீயைக் குடிப்பவர்.

நிழல் நிலையம் குறையை மட்டும் சொல்லாது, திருத்தத்தையும் சொல்லும். எந்தத் திருத்தத்துக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு மதிப்பெண் ஏறும் என்று வரிசையாகத் தரும். வாணி கேட்டிருந்தவை அதில் இருந்தன. தொட்டிகளுக்கு மூடி, வாயுவை வெளியே தள்ளும் பெரிய மின்விசிறிகள், மூச்சுக் கருவிகள், அதை மாட்டிக்கொண்டு இறங்கத் தெரிந்த ஒரு குழு ஷிப்டுக்கு ஷிப்டு. அதற்கெல்லாம் மேலே முதல் வரியில் வேறொன்று இருந்தது. ராக்கியப்பனுக்கு, இறங்காமல் இருக்கப் பயிற்சி.

"ஏம்மணி, இந்தப் பயிற்சிக்கும் அந்த மூடி, கருவிக்கும் மார்க்கு கிட்டத்தட்ட ஒண்ணாத்தானே வருது?" என்றார் தண்டபாணி.

"வருதுங்க சார். ஆனா மூடியும் கருவியும் இருந்தா விழறவனும் பொழைப்பானுங்க. பயிற்சி மட்டும்னா அவன் செத்தே போவான்."

"மூடி போடோணும்னா நிலையத்த மாசக்கணக்குல நிறுத்தோணும். நிறுத்தினா அத்தன பட்டறையும் சாத்தோணும். எத்தன குடும்பம்னு உங்களுக்கே தெரியும்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் ஒண்ணு கேக்கறேன். தொட்டிக்குள்ள ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் கருவி இல்லாம எறங்கலாமுங்களா? உங்க படிப்பு என்ன சொல்லுது?"

"எறங்கக் கூடாதுங்க."

"அதத்தானே அவருக்குச் சொல்லித்தரச் சொல்லுது? மூடி அடுத்த வருசம் பாக்கலாம்."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதுதான் வாணி படித்த படிப்பின் சாரம். அதை அவளே சுவரெல்லாம் எழுதிவைத்திருக்கிறாள். தன்னுடைய நியாயத்தைக் கொண்டே தன்னைக் கட்டிப்போட்டுவிட்டார் மனுஷன். அவள் எழுந்து வந்தாள்.

பயிற்சி அறையில் ராக்கியப்பனை உட்காரவைத்து அவர் சாவுகளைப் போட்டுக் காட்டினாள். முதலில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நாம ஓடுனா இப்படித்தான் இருக்குமுங்களா? ருக்குமணி சொல்லுவா, வாத்து ஓடற மாதிரின்னு."

நாலைந்து சாவுக்குப் பிறகு சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் அவர் தன்னைப் பார்க்கவில்லை, விழுந்து கிடக்கிற மற்றவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எறங்காட்டி அவன் என்னாவானுங்க மேடம்?"

"செத்துருவான்."

"எறங்குனா?"

"ரெண்டு பேரும். உங்க பின்னாடி வர்றவனும்."

"செரிங்க" என்றார். தலையை ஆட்டினார். புரிந்துகொண்டார் என்றுதான் வாணி நினைத்தாள்.

ஒத்திகை வைத்தார்கள். தண்ணீர் நிரப்பாத ஒரு பழைய தொட்டிக்குள் மணல் அடைத்த பொம்மையைத் தள்ளிவிடுவார்கள். ராக்கியப்பன் மணியை அடிக்க வேண்டும். தொட்டியின் வாயருகே காலை அகட்டி நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் விரித்து யாரையும் கிட்டே விடாமல் தடுக்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். பொம்மை விழுந்ததும் அவர் ஓடிவந்தார், மணியை அடித்தார், ஏணியில் இறங்கிவிட்டார். மறுபடி ஒத்திகை, மறுபடி இறங்கினார். "கால் தானாப் போயிருதுங்க மேடம்" என்று வெட்கப்பட்டு நின்றார். திருமூர்த்தி பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணா, என்ற உசுரக் காப்பாத்துனதுக்கு ரொம்ப நன்றிங்க" என்று பொம்மையின் குரலில் பேசினான். அவன் அப்படித்தான், எழவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்கவைப்பான்.

காலாண்டு முடிய நெருங்கிக்கொண்டிருந்தது. வாணிக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. மதிப்பெண்ணைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. இந்த மனுஷன் ஒருநாள் நிஜமாகவே இறங்கிவிடுவார் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் அவள் அதைச் செய்தாள். தொழிற்சாலைப் பாதுகாப்பில் பட்டம் வாங்கினவள், ஜாதகமில்லை ஜாதகமில்லை என்று ஊருக்கே உபதேசம் செய்தவள், ருக்குமணிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பரிகாரம் கேட்டீங்கல்ல. ஒண்ணு இருக்குது. நாளைக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வாங்க."

பாப்பா ஆறாம் வகுப்பு படிப்பவள், வாணியின் பையனுக்கு இரண்டு வகுப்பு கீழே. சீருடையோடு வந்து பயிற்சி அறையின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். ராக்கியப்பனுக்கு என்ன கேட்கப் போகிறார்கள் என்பது அந்தப் பிள்ளையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முகம் செத்துப்போயிற்று.

"வேண்டாமுங்க மேடம்."

"பண்ணுங்கண்ணா" என்றாள் வாணி.

ருக்குமணி அவர் கையைப் பிடித்து மகள் தலைமேல் வைத்தாள். "எந்தத் தொட்டியிலயும் எறங்க மாட்டேன். பாப்பா மேல சத்தியம்" என்றார் ராக்கியப்பன். சொல்லும்போது குரல் எங்கோ போயிற்று. பாப்பா ஒன்றும் புரியாமல் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் ஒத்திகையில் பொம்மை விழுந்தது. ராக்கியப்பன் ஓடிவந்தார், மணியை அடித்தார். தொட்டியின் வாயில் காலை அகட்டி, கைகளை விரித்து நின்றார். கால் நகரவில்லை. கையில் கட்டியிருந்த பட்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலாண்டில் ராக்கியப்பனின் நிழல் ஒருமுறைகூடச் சாகவில்லை. மதிப்பெண் கிடுகிடுவென்று ஏறிற்று. கண்டம் தாண்டிவிட்டது என்று ருக்குமணி நிலையத்துக்கே சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். தண்டபாணி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். மூடியையும் மூச்சுக் கருவியையும் பற்றி வாணி வாயெடுத்தபோது, "மார்க்குதான் வந்துருச்சேம்மணி" என்றார். பொய் இல்லை, வந்துவிட்டதுதான்.

அது நடந்தது ஒரு வெயில் ஏறின முற்பகலில். சேற்றுத் தொட்டியின் பம்பில் பனியன் துணிக் கிழிசல் ஒன்று சுற்றிக்கொண்டது. அனுமதி வாங்கி, பம்பை நிறுத்தி, காற்றை அளந்து என்று முறையாகப் போனால் அரை நாள் ஓடிவிடும். திருமூர்த்தி நாலு படி இறங்கி இழுத்துவிட்டு வரலாம் என்று போனான். எத்தனையோ தடவை அப்படி இழுத்திருக்கிறான். அன்றைக்கு அவன் மேலே வரவில்லை.

மணி அடித்தது. வாணி அறையிலிருந்து ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ராக்கியப்பன் தொட்டியின் வாயில் நின்றுகொண்டிருந்தார், காலை அகட்டி, கைகளை விரித்து. பம்ப் கொட்டகையில் பக்கத்திலேயே வேலையாக இருந்திருக்கிறார், எட்டி வைத்தால் ஏணி. அவரைத் தள்ளிக்கொண்டு இறங்கப் பார்த்த இரண்டு பேரை நெஞ்சோடு முட்டித் தடுத்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்தார். மூக்கு ஒழுகுவதைத் துடைக்கக்கூடக் கையை மடக்கவில்லை.

வாணி எட்டிப் பார்த்தாள். கீழே மஞ்சள் ஹெல்மெட். சேற்றுக்கு மேலே திருமூர்த்தியின் ஒரு கை. அந்தக் கை அசைந்தது.

அவளுக்கு அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. ஏணியின் இரும்பு அவள் கைக்குள் சூடாக இருந்தது, ஒரு கால் படியில் இருந்தது. அவ்வளவுதான் நினைவு. யாரோ தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். மல்லாக்க விழுந்தாள். மேலே ராக்கியப்பனின் முகம்.

"நீங்கதானுங்க மேடம் சொன்னீங்க" என்றார். "நீங்கதானுங்க சொன்னீங்க."

தீயணைப்பு வண்டி மூச்சுக் கருவியோடு வரும்வரை எல்லோரும் நின்றார்கள். நிற்பதைத் தவிர அங்கே யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை அசையவில்லை. திருமூர்த்தியைத் தூக்கி மேலே கிடத்திய பிறகும் ராக்கியப்பன் கைகளை இறக்கவில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து மெதுவாக மடக்கிவிட வேண்டியிருந்தது.

விசாரணை வந்தது, போயிற்று. அனுமதி இல்லாமல் இறங்கியது இறந்தவரின் தவறு என்று முடிந்தது. தண்டபாணி திருமூர்த்தி வீட்டில் போய்த் தரையில் உட்கார்ந்து அழுதார். அது நடிப்பில்லை. ஆனால் மதிப்பெண் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. மதிப்பெண் நிழல் சாவுகளுக்குத்தான்; அந்த ஆயிரம் வருஷக் கணக்கில் நிஜத்தில் நடந்தது ஒரே ஒரு நாள். மதிப்பீட்டு நிறுவனம் பாராட்டுக் கடிதம்கூட அனுப்பியிருந்தது. பயிற்சி இல்லாவிட்டால் அன்றைக்கு மூன்று பேர் போயிருப்பார்கள், போனது ஒருவர், காப்பாற்றப்பட்ட உயிர்கள் இரண்டு.

வாணி ஜெபராஜைக் கூப்பிட்டாள்.

"நெசமாவே ரெண்டு உயிர் மேடம்" என்றான் அவன் ஆறுதலாக. "நீங்க வருத்தப்படக் கூடாது."

"ஒண்ணு கேக்கணும். பழைய ராக்கியப்பன் நிழல் எறங்கினப்பல்லாம் செத்துப்போச்சு, சரி. ஒரு தடவகூடவா தூக்கிட்டு வரல?"

அந்தப் பக்கம் அவன் எழுந்து கதவைச் சாத்துவது கேட்டது.

"ஜெபராஜ்?"

"அது கணக்குல வராது மேடம். தூக்கிட்டு வந்துட்டா யாரும் சாகல. யாரும் சாகலைன்னா அன்னைக்கு விபத்தே நடக்கலைன்னுதான் பதிவாகும். நாங்க எண்ணறது சாவ மட்டும்."

"இப்ப எண்ணிப் பாருங்க."

அவன் தயங்கினான். வேண்டாமே என்றான். அவள் விடவில்லை. விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"கேட்டுலயிருந்தோ கேன்டீன்லயிருந்தோ ஓடி வந்தப்ப எல்லாம் செத்திருக்கார். அங்கயிருந்து வர்றதுக்குள்ள லேட்டாயிருது, மூச்சும் வாங்குது. பக்கத்துல இருந்து போனப்ப..." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மூச்ச அடக்கிட்டு ஒரே இழுப்புல கொண்டு வந்திருக்கார் மேடம். பத்துக்கு ஆறு தடவ. ரெண்டு பேரும் பொழைச்சிருக்காங்க."

"பம்ப் கொட்டகைலயிருந்து?"

"அதத்தான் மேடம் சொல்றேன்."

செத்த நிழல்களை எண்ணினார்கள். தூக்கிக்கொண்டு மேலே வந்த நிழலை யாரும் எண்ணவில்லை. அவளும்தான் கேட்கவில்லை. வாணி போனை வைத்துவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலாம்.

இரண்டு நாள் கழித்து ராக்கியப்பன் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. திருமூர்த்தியின் தெரு வழியாக அவர் இப்போது போவதில்லை என்றும், கரையில் நின்று வேடிக்கை பார்த்தவன் என்று அங்கே பேசுகிறார்கள் என்றும் வாணி கேள்விப்பட்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேனுங்க. நான் எறங்கியிருந்தா?"

அவர் கண் அவள் முகத்தையே பார்த்தது. பத்துக்கு ஆறு என்ற எண் அவள் நாக்குநுனியில் இருந்தது. சொன்னால் இந்த மனுஷன் எப்படி வீட்டுக்குப் போவார், எப்படி மகள் முகத்தைப் பார்ப்பார்?

"நீங்களும் போயிருப்பீங்கண்ணா."

ராக்கியப்பன் நீளமாக மூச்சுவிட்டார். "அதத்தானுங்க ருக்குமணியும் சொல்றா" என்றார். போகும்போது கும்பிட்டார். "நல்லதுங்க மேடம். நீங்க இல்லாட்டி என்ற பொண்டாட்டி புள்ளை தெருவுல நின்னிருக்கும்." அந்தக் கும்பிடுதான் அவளைக் கொன்றது.

அடுத்த காலாண்டின் முடிவுகள் வந்த அன்று தண்டபாணி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரையை அவள் பக்கம் திருப்பினார். முகத்தில் உண்மையான கவலை.

"என்னம்மணி இது? மேல உங்க பேரு இருக்குது?"

கோகிலவாணி முந்நூறு தடவைக்கு மேல் செத்திருந்தாள். போன காலாண்டு வரை அவள் பெயர் அந்தப் பக்கமே கிடையாது. அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பவளுக்கு என்ன சாவு? ஆனால் அன்றைக்கு ஏணியில் ஒரு கால் வைத்தாளே, அவள் கையிலும் கட்டியிருந்த பட்டை அதைப் பார்த்துவிட்டது. ஒரு தடவை போதும் அதற்கு. கீழே திருத்தங்களின் வரிசை இருந்தது. மூடி, மின்விசிறி, மூச்சுக் கருவி எல்லாம் பழைய இடத்திலேயே கிடந்தன. முதல் வரியில் அவளுக்கு, இறங்காமல் இருக்கப் பயிற்சி.

"ஒரு வாரம் பயிற்சின்னு போட்டிருக்குது" என்றார் தண்டபாணி. "நான் ஏற்பாடு பண்ணிட்டேன். இதச் சொல்லிக்குடுக்க நம்ம ராக்கியப்பன விட்டா வேற ஆரு இருக்காங்க, சொல்லுங்க?"

பயிற்சி அறையில் அதே சுழல் நாற்காலி. இப்போது வாணி அதில் உட்கார்ந்திருந்தாள். ராக்கியப்பன் பக்கத்தில் நின்று, பழக்கமில்லாத விரலால் பொத்தானை அழுத்தினார். திரையில் சாம்பல் நிற நிலையம் விரிந்தது. யாரோ விழுந்தார்கள். அவள் நிழல் துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடிவந்தது, ஏணியில் இறங்கியது, எட்டிக் கை கொடுத்தது, விழுந்தது. தன் வாய் அப்படித் திறக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

தொட்டியின் வாயில் இன்னொரு நிழல் வந்து நின்றது. காலை அகட்டி, இரண்டு கைகளையும் விரித்து, பின்னால் வருகிறவர்களைத் தடுத்துக்கொண்டு நின்றது. கீழே அவள் கை சேற்றுக்கு மேலே அசைந்துகொண்டிருந்தது. அந்த நிழல் நகரவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு குறையும் இல்லாமல் நின்றது.

ராக்கியப்பன் படத்தை நிறுத்தினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"பாத்தீங்களா மேடம். என்னால வர முடியாதுங்க. நீங்களாத்தான் எறங்காம இருக்கோணும்."

வாணி தலையாட்டினாள்.

"படத்த எத்தன தடவ பாத்தாலும் கால் நிக்காதுங்க. எனக்குத் தெரியும்." அவர் தயங்கினார். பிறகு மிகுந்த அன்போடு, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "எட்டாவது படிக்கறானுங்கல்ல உங்க பையன்? நாளைக்குக் கூட்டிட்டு வந்துருங்க. தலைமேல கைய வெச்சாத்தானுங்க நிக்கும்."

சரி என்றாள் வாணி.